புதுப்பிப்பு: குழாயில் ஷாக் அடித்த காரணம் தெரிந்துவிட்டது

திருவல்லிக்கேணி வீட்டில் குளியலறைக் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருந்தேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். பின்னாளில் தரைக்கடியில் போகும் குழாயை மட்டும் பிவிசியாக மாற்றியதும் மண்ணோடு இருந்த தொடர்பு போய்விட்டது. கீசரில் கசிந்த மின்சாரம் நேரே குழாய்க்கு வந்திருக்கிறது. சுவரில் ஓடும் மரப்பட்டியைத் திறந்தால், ஒயரின் ரப்பர் உறை விரல் பட்டதுமே பொடிப்பொடியாக உதிர்கிறது! அம்மா தினமும் ஈரக்கையோடு தொட்ட குழாய், நினைத்தாலே பதறுகிறது. எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், இவ்வளவு சின்னக் கசிவுக்கு அது விழுந்து மின்சாரத்தை நிறுத்தாது. கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் விழும். சரி, கீசரைக் கழற்றியாச்சு. முதலில் தனி எர்த் குழி, அப்புறம் ஆர்சிசிபி, முழு ஒயரிங்.