துவைக்கிற நாய்ப் பேடு: உங்க வீட்ல என்ன ஆச்சு?

டவுன் வளவுக்காரி

இதை யார்கிட்டயாவது சொல்லாட்டா எனக்குத் தூக்கம் வராது. எங்க ஜிம்மி பொமரேனியன், ஆறு கிலோ. வளவு வீடு, மண்ணுத்தரைன்னு ஒரு சாண் கிடையாது, அதனால ஜிம்மி ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போக தார்சா மூலையில விரிக்கிற பேடுதான். தூக்கிப்போடுற பேடு வாங்கி மாளாம, துவைக்கிறதுல நாலு வாங்குனேன். ஆனிக் காத்து தெரியும்லா. மச்சுல காயப்போட்ட நாலுல ஒண்ணைக் காணும். கிளிப்பு மட்டும் கொடியில ஆடுது. தேடிட்டு விட்டுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு பக்கத்து வீட்டு ஆச்சியைப் பாக்கப் போனேன். ஜிம்மியும் பின்னாலயே வந்துட்டான். நேரா அடுக்களைக்குள்ள போனான், கிரைண்டரைச் சுத்தி ஒரு தடவை மோந்தான், காலைத் தூக்கிட்டான். ஆச்சி அலறுதாவ. நான் துடைக்கக் குனிஞ்சா, கிரைண்டருக்கு அடியில ரெண்டா மடிச்சு எங்க பேடு! மூலையில ஜிம்மி கடிச்ச ஓட்டை கூட அப்படியே இருக்கு. "காத்துல வந்து விழுந்துச்சு தாயி. நல்ல கெட்டியா இருக்கா, கிரைண்டர் ஆடாம நிக்கி"ன்னு அவுகளே சொல்லுதாவ.

துவைச்சுதான் போட்டிருந்தேன், சத்தியமா. அப்படியும் அவன் கண்டுபிடிச்சிட்டானே, அப்ப நான் துவைச்சது என்ன துவைப்பு? அந்தக் கிரைண்டர்ல ஆட்டுன இட்லியை ரெண்டு வாரமா நானும்தான் தின்னிருக்கேன். இனி அந்தப் பேடை ஆச்சிகிட்ட எப்படித் திருப்பிக் கேக்க?

பாளை அண்ணாச்சி

தங்கச்சி, சிரிச்சு முடிச்சிட்டுதான் எழுதுதேன். என் கதை சின்னது. எங்க வீட்ல டாஷ்ஹண்ட் குட்டி. பேடு மணக்கட்டும்னு வீட்டம்மா துணி கண்டிஷனரை ரெண்டு மூடி ஊத்தி அலசிட்டா. அன்னைக்கு ராத்திரி குட்டி போன ஒண்ணுக்கு பேடுக்குள்ள இறங்கவே இல்ல. சேம்பு இலையில விட்ட தண்ணி மாதிரி உருண்டு ஓடி, கீழ பாய்ல படுத்திருந்த மாமனார் வேட்டிக்குப் போயிட்டு. அவுக எந்திரிச்சாவ, வேட்டியைப் பாத்தாவ, ஒரு வார்த்தை பேசாம அங்கணத்துல போய் அலசுனாவ. தனக்குத்தான் வயசாயிட்டுன்னு நெனச்சிருக்காவ. மறுநாள் நாய்தான் மாமான்னு எவ்வளவோ சொன்னேன். "மாப்பிள்ளை என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுதாவ"ன்னு மகள்கிட்ட சொல்லியிருக்காவ. இன்னும் நம்பல.

சரி, விஷயத்துக்கு வாரேன். அந்தப் பேடு மூணு அடுக்கு. மேல ஈரத்தைக் கீழ விடுற துணி, நடுவுல உறிஞ்சுற பஞ்சு மாதிரி ஒண்ணு, அடியில தண்ணி இறங்காத பிளாஸ்டிக் பூச்சு. கண்டிஷனர் நூல் மேல மெழுகு மாதிரிப் படிஞ்சிரும், அப்புறம் எங்க உறிஞ்ச? கொதிக்கிற தண்ணி, டிரையர், இஸ்திரிப்பெட்டி மூணும் அடிப்பூச்சுக்கு எமன். சலவை பிளீச்சும் வேண்டாம். பாளையில போர்த்தண்ணி உப்பு, சோப்புத்தூள் நுரைக்காது, நுரைக்கலைன்னு இன்னும் அள்ளிப் போடுவோம், அது அலசினாலும் போகாம பேடுக்குள்ளயே தங்கி வாடை பிடிக்கும். தூளைப் பாதியாக் குறைங்க. முதல்ல கட்டியாக் கிடக்கிற மலத்தைத் தட்டிட்டு, வெறும் பச்சத்தண்ணியில அலசி, ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரைமணி ஊறப்போடுங்க. அப்புறம் துவைங்க. வீட்டுத் துணியோட சேத்துப் போடாதிய. நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு மணி நேரம் போதும், நாள் பூரா போட்டா அடிப்பூச்சு வெடிச்சிரும். முக்கியமா, நாலு முனைக்கும் கிளிப்பு.

தென்காசிச் சாரல்

அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா வினிகர் அமோனியா வாடையைத்தான் அமுக்கும். மூத்திரத்துல இருக்கிற யூரிக் அமிலம் படிகமா நூலுக்குள்ள உக்காந்திரும். அது தண்ணியில லேசுல கரையாது. காஞ்சா வாடை இருக்காது, ஈரம் பட்டா எந்திரிச்சிரும். எங்க ஊர்ல சாரல் தொடங்குன அன்னைக்கே வீடு நாறும். அதை உடைக்க நொதி கலந்த என்சைம் கிளீனர்தான். அதையும் சுடுதண்ணியில போட்டா என்சைம் செத்துரும்.

பிளீச் பத்தி ஒரு வரியில போயிட்டிய. எனக்கு அங்கதான் சூடு பட்டுச்சு. அலசாத பேடு, மூடுன பாத்ரூம், நான் பிளீச்சை ஊத்துனேன். மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தா குளோரமைன் புகை. கண்ணு எரிஞ்சு, நெஞ்சு அடைச்சு, சுவத்தைத் தடவிக்கிட்டே வெளிய வந்தேன். எங்க ஷிட்சூ நாய் கதவுக்கு வெளிய உக்காந்து வாலை ஆட்டுது. பிளீச்சையும் வினிகரையும் ஒண்ணாக் கலந்தா அது வேற விஷம், குளோரின் வாயு. இன்னைக்கும் பாத்ரூம் கதவைச் சாத்துனா எனக்குத் தொண்டை அரிக்கி.

ஆத்தங்கரை

ஒரு பேடுக்கு இவ்வளவு வேதியியலா? அம்பாசமுத்திரத்துல நாங்க ஆத்துல ரெண்டு முக்கு முக்கி, படித்துறைக் கல்லுல அடிச்சு எடுத்துட்டு வந்துருவோம். வாடையாவது ஒண்ணாவது. அதுவும் நாய்க்கு வீட்டுக்குள்ள கக்கூசு கட்டுற காலமாப் போச்சு. சங்கிலியைப் போட்டு தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா.

வண்ணாரப்பேட்டை மாடி

ஆத்தங்கரை அண்ணே, நீங்க முக்குற தண்ணியைத்தான் கீழ தூத்துக்குடி வரைக்கும் குடிக்காவ. நாய் மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், தடுப்பூசி போடாத நாயா இருந்தா இன்னும் ஆபத்து. பேடைத் துவைக்கும்போதே கையுறை போடச் சொல்லுதாவ. படித்துறையில வேற ஆளு குளிக்காவளா இல்லையா?

தெருவுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொல்லுதிய. 2023 டிசம்பர் 18 அன்னைக்கு எங்க தெருவுல ஆறுதான் போச்சு. காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்ச மழை. நாங்க மாடியில. கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. எங்க லக்கிக்குப் பத்து வயசு, தெருவுல போயே பழக்கம், பேடு வாங்கி ஒரு வருசமா சீந்தவே இல்ல. முந்தின நாள் மத்தியானத்துல இருந்து அடக்கிக்கிட்டே இருந்தா. மாடிப்படியில இறங்குவா, மூணாவது படியில செம்மண் தண்ணி, மூக்கை வச்சுப் பாத்துட்டு ஏறிருவா. இப்படியே எத்தனை தடவைன்னு கணக்கில்ல. கடைசியில சாயங்காலம் நான் மழையில நனைஞ்ச ஒரு பழைய சாக்கை எடுத்துப் பேடு மேல விரிச்சேன். தெரு வாடை இருந்திருக்கும் போல. என் முகத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்தா. எவ்வளவு நேரம் போனா தெரியுமா? முடிச்சிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டா, ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி.

படிக்குக் கீழ தாமிரபரணி முழுசும் நிக்கி, பேடு அலச ஒரு செம்பு நல்ல தண்ணி இல்ல. அந்தப் பேடை வீட்ல இன்னும் தூக்கிப் போட விடல.

டவுன் வளவுக்காரி

மாடி அக்கா, லக்கி இப்ப நல்லா இருக்காளா? அண்ணாச்சி, வினிகர் வாங்கியாச்சு, என்சைம் கிளீனர் நாளைக்கு வருது.

ஆனா யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லல. இன்னைக்குக் காலையில மச்சுக்குப் போனேன். ஆச்சி அந்தப் பேடை சோப்புப் போட்டுத் துவைச்சு, அவுக கொடியில நாலு கிளிப்பு மாட்டிக் காயப்போட்டிருக்காவ. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாவு ஆட்டுத நாள். நான் இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அதைக் கேக்க?