அம்பத்தூர் பக்கம் திருநங்கைக்கு வாடகை வீடு, அப்புறம் சில சந்தேகங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூரில் ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு திருநங்கை சேருகிறார். இதுவரை எங்களுக்கு இந்த அனுபவம் இல்லை.

சட்டம் தெரியும். 2019 திருநர் பாதுகாப்புச் சட்டப்படி வேலையில் பாகுபாடு கூடாது, புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 2020 விதிகள் சமவாய்ப்புக் கொள்கையையும் எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை போன்ற வசதிகளையும் கேட்கின்றன. காகித வேலை முடிந்துவிடும். என் கவலை வேறு.

முதலில் வீடு. 2017இல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. ஆனால் வாடகைக்கு இடம் கிடைக்காமல் சிலர் சீக்கிரமே வேலையை விட்டார்கள். அது இங்கே நடக்கக் கூடாது. அம்பத்தூர், பாடி, கொரட்டூர் பக்கம் மனம் கோணாமல் வீடு தரும் உரிமையாளர் யாரையாவது தெரியுமா? மகளிர் விடுதி என்றாலும் சரி.

அடுத்து, அவருடைய ஆதாரில் இன்னும் பழைய பெயர்தான். அலுவலக அடையாள அட்டையிலும் மின்னஞ்சலிலும் இப்போதைய பெயரைப் போட்டுவிடுவோம். பி.எஃப். கணக்கில் எப்படிச் செய்தீர்கள்? கலெக்டர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழ் வந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது சுலபமா?

மேற்பார்வையாளர்களிடம் பேச ஒரு திருநங்கையையே அழைக்க நினைக்கிறேன், உரிய கட்டணம் தந்துதான். (இலவசமாக வந்து பேசச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.) புதியவர் சேரும் முன்பே அதை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் அவரையே திரும்பிப் பார்ப்பார்கள்.

திருநர் நண்பர்களே, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களுக்கு எது உதவியது, எது எரிச்சலூட்டியது? அதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.