சண்டித்தனம் செய்யும் மட்டக்குதிரைக்குக் காலால் எப்படிக் குறிப்புக் கொடுப்பது?

கேள்வி – திருவையாற்றுப் பக்கத்திலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம். குடமுருட்டிக் கரையோரக் கிராமம் ஒன்றில் விவசாயம் செய்கிறேன். பதினொரு வயதாகும் என் மகளுக்குக் குதிரையேற்றத்தில் தீராத ஆசை. அதனால் சென்ற ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குச் சென்று, 44 அங்குல உயரமுள்ள செவலை நிற மட்டக்குதிரை ஒன்றை வாங்கி வந்தேன். பெட்டைக் குதிரை; பல் பிடித்துப் பார்த்தவர்கள் எட்டு வயது மதிக்கலாம் என்றார்கள். கடிப்பதோ உதைப்பதோ இல்லை. குழந்தைகள் வயிற்றுக்கு அடியில் புகுந்து போனாலும் பொறுத்துக்கொள்ளும் சாதுவான பிராணி.

ஆனால் மகள் ஏறி அமர்ந்ததும் நகர மறுக்கிறது. சம்பா அறுவடை முடிந்து வயல்கள் தரிசாகக் கிடப்பதால் காலை வேளைகளில் வயல் வழியாகவே ஆற்றங்கரைக்குப் போகிறோம். மதகு வரை எப்படியோ நடக்கும் குதிரை, அதைத் தாண்ட வேண்டும் என்றதும் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. மகள் முன்பு சில மாதங்கள் பழகிய ஒரு பயிற்சி இடத்தில், குதிரை நகரும் வரை இரண்டு குதிகால்களாலும் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்; அவளும் அப்படியே செய்கிறாள். இறங்கும்போது அவளுக்குத் தொடைகள் நடுங்குகின்றன, குதிரையோ காதுகளைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு முன்னைவிட இறுகி நிற்கிறது. பங்குனி வெயில் ஏறியதிலிருந்து இது இன்னும் மோசமாகிவிட்டது.

புளிய மிலாறு ஒன்றை எடுத்தால் தானாக நடக்கும் என்கிறார் அண்டை வீட்டுக்காரர். குதிரையின் விலாவைக் குத்துவதற்காக ஏறுபவர் குதிகாலில் கட்டும் குதிமுள்ளை வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாட்கள் நானே ஏறி ஓட்டிப் பழக்கிவிட்டுப் பிறகு மகளிடம் கொடுக்கலாமா? என் எடை 62 கிலோ, மகளின் எடை 29 கிலோ. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – தஞ்சாவூர், குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்பிப்பவர்

ஐயா, முதலில் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து நீங்கள் ஏற வேண்டாம். ஏறுபவரின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது குதிரைக்காரர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 44 அங்குல உயரமுள்ள நாட்டு மட்டம் ஏறத்தாழ 170 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது 34 கிலோ வரைதான் சுமக்கலாம். உங்கள் மகளும் ஐந்து கிலோ சேணமும் சேர்ந்தாலே அந்த அளவு நிறைந்துவிடுகிறது.

இனி கால்சைகைக்கு வருவோம். முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தால் குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டுவதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். ஈயின் கால் பட்டதை உணரும் அந்தத் தோலுக்கு ஒரு குழந்தையின் கால் தெரியாமல் போக வழியே இல்லை. அப்படியிருந்தும் அது அசையவில்லையென்றால், அந்தத் தொடுதலுக்குப் பொருள் எதுவும் இல்லை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். குதிரைக்குப் பாடம் புரிவது அழுத்தம் கொடுக்கும்போது அல்ல, அழுத்தத்தை எடுக்கும்போதுதான். கெண்டைக்காலின் உட்புறத்தால் மெல்ல அணைத்து, குதிரை ஓர் அடி எடுத்து வைத்த அதே நொடியில் காலைத் தளர்த்திவிட்டால், ‘நடந்தால் இந்த அழுத்தம் நீங்கும்’ என்று அது தெரிந்துகொள்ளும். நடந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். நாள் முழுதும் ஒலிக்கும் ஒலிபெருக்கிக்கு நம் காது பழகிவிடுவது போல அதன் விலாவும் பழகிவிடுகிறது.

அடுத்து, மகளை ஏற்றிவிட்டுப் பக்கவாட்டில் நின்று, அவளது கால் எங்கே படுகிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்கென்று செய்த சேணத்தில் பக்கத் தோல் நீளமாகத் தொங்கும். பதினொரு வயதுக் குழந்தையின் கெண்டைக்கால் அந்தத் தோலின் கீழ்விளிம்பைத் தாண்டுவதே இல்லை. என்னிடம் வந்த குழந்தைகளில் பலர் குதிரையை அன்றி வெறும் தோலைத்தான் மாதக்கணக்கில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். குதிரைக்குப் போய்ச் சேர்ந்தது சத்தம் மட்டுமே. பக்கத் தோல் குட்டையான சிறுவர் சேணம் கிடைக்கவில்லையென்றால், கெட்டியான சமுக்காளத்தை மடித்துப் போட்டு வார் கட்டி, ஆள் ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, சில நாட்கள் அதன் மேல் பழக்கினாலும் பலன் தெரியும்.

கைகளையும் கவனியுங்கள். ஓங்கி உதைக்கும் குழந்தை, விழாமல் இருப்பதற்காகத் தன்னையறியாமல் கடிவாள வாரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால் ‘போ’ என்கிறது, வாயிலுள்ள இரும்பு ‘நில்’ என்கிறது. இரண்டில் அதிகம் வலிப்பது வாய் என்பதால் குதிரை நிற்கிறது. இதைச் சண்டித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் கன்னத்தில் ஒட்டிய பருக்கையைத் துடைக்கும் அளவுக்கு மென்மையாக ஓர் அணைப்பு. இரண்டு நொடி காத்திருந்தும் பலனில்லையென்றால் தெளிவான ஒரே ஒரு தட்டு. அதற்கும் நகரவில்லையென்றால், காலுக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய பிரம்பால், வலிக்காமல், விடாமல் சிறுசிறு தட்டுகள். நகர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொடுக்க வேண்டும். பிறகு மறக்காமல் மீண்டும் மென்மையான அணைப்பிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் குதிரை அந்த முதல் அணைப்புக்கு நடக்கப் பழகுவதற்காகத்தான் மற்றவை அனைத்தும். குதிமுள் பற்றி நீங்கள் தயங்கியது சரி. கால் இன்னும் அசையாமல் நிலைக்காத குழந்தையின் குதிகாலில் முள்ளைக் கட்டினால் அவள் தடுமாறும் போதெல்லாம் அது குதிரையைக் குத்தும்.

மறுமொழி – கும்பகோணத்திலிருந்து

எங்கள் தாத்தா கும்பகோணத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர். வீட்டில் அவர் காலம் வரை குதிரை இருந்தது. மேலே தஞ்சாவூர் அம்மா சொன்ன அனைத்தையும் ஏற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சந்தையில் வாங்கிய எட்டு வயதுக் குதிரை அதற்கு முன் என்ன வேலை பார்த்தது என்று விசாரித்தீர்களா? வண்டியில் பூட்டிய குதிரை குரலுக்கும் வாருக்கும் சாட்டைக்கும்தான் ஓடியிருக்கும். அதன் விலாவை எந்த மனிதக் காலும் தொட்டிராது. அதற்குக் கால்சைகை என்பது கேட்டறியாத மொழி.

இன்னொரு வகையும் உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தவிலுக்கும் பறைக்கும் ஏற்ப ஆடப் பழக்கிய நாட்டியக் குதிரை. குதிகால் பட்டதும் முன்னே போகாமல், நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முன்னே ஓர் அடி வைத்தால் கடிவாளம் வெட்டி இழுக்கும். உங்கள் குதிரை உதைபடும்போது முன்கால்களை என்ன செய்கிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். வாயின் இரு ஓரங்களையும் நாக்கின் அடிப்புறத்தையும் திறந்து பாருங்கள். பழைய தழும்பு இருந்தால் முள் வைத்த கடிவாளம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்காக 1965இல் வந்த மத்திய விதிகளே முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்துள்ளன. ஆனாலும் சந்தையில் இன்றும் அதைத் தட்டில் வைத்து விற்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

கேட்டவர்

ஐயா, உங்கள் மறுமொழியைப் படித்ததும் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாயின் இடது ஓரத்தில் ரோமம் முளைக்காத, நகத்தின் அளவுள்ள வெளுத்த தழும்பு ஒன்று இருக்கிறது. மாலையில் மகளை ஏற்றி, குதிகாலால் ஒரே ஒரு முறை தொடச் சொன்னேன். குதிரை கழுத்தை வளைத்து, வலது முன்காலை முழங்கால் மடியத் தூக்கி வைத்தது, பிறகு இடது, பிறகு மறுபடியும் வலது. மண்ணில் ஒரே இடத்தில் இரண்டு குழிகள் விழுந்தன. இத்தனை நாளும் இதைக் கோபத்தில் காலை உதறுகிறது என்று நினைத்திருந்தோம். கேட்ட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஒரு பிராணியை நாங்கள் உதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். என் மகள் அழுதுவிட்டாள்.

மறுமொழி – ஒரத்தநாடு, கால்நடை மருத்துவம் படித்தவர்

பயிற்சியைத் தொடங்கும் முன் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறியதும் மோசமானது என்ற குறிப்பு முக்கியமானது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த டெல்டா போன்ற இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்துவிடும். அரை மணி நேரம் நடந்த பிறகு உடல் காய்ந்திருக்க, மூக்குத் துவாரங்கள் விரிந்து மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள், அன்று மீண்டும் ஏற வேண்டாம். ஓய்வில் இருக்கும்போது உடல் வெப்பம் 38.5 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் தெரிந்தால், கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா நோயா என்று இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

குளம்புகளைத் தூக்கிப் பார்க்கவும் தவறாதீர்கள். ஈரத் தொழுவத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி அழுகிக் கறுத்த கசிவும் துர்நாற்றமும் வரும். அப்படிப்பட்ட குதிரை மெத்தென்ற வயலில் நடந்துவிட்டுக் கல் தரையில் கால் வைக்கத் தயங்கும். மதகுக்கு அப்பால் தரை எப்படி இருக்கிறது? ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி – மீண்டும் தஞ்சாவூரிலிருந்து

குழந்தையை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். நன்றாகக் கற்ற குதிரைக்குப் புதிய பாடம் சொல்வது எளிது. குதிகால் பட்டால் ஆட வேண்டும் என்பது அதன் பழைய பாடம். ஆகவே குதிகாலை அடியோடு விட்டுவிட்டு, கெண்டைக்காலால் அணைப்பதைப் புதிய சொல்லாகக் கற்பியுங்கள். முதல் வாரம் யாரும் ஏறாமல், தலைக்கயிற்றைப் பிடித்து அதன் தோளருகே நின்று, ‘போ’ என்று சொல்லி, உடனே உங்கள் உள்ளங்கையால் வயிற்றுவாரை ஒட்டி, கால் படும் இடத்தில் அழுத்திக்கொண்டே முன்னே நடங்கள். அது அடியெடுத்ததும் கையை எடுத்துவிடுங்கள். தரையில் நின்றே இது கைகூடிய பிறகு மகள் ஏறி, முதலில் குரல், அடுத்து கெண்டைக்கால் என்ற வரிசையில் கேட்கட்டும். சில நாட்களில் குரலைக் குறைத்துக்கொள்ளலாம்.

நடக்கத் தொடங்கிய பிறகு நடையைச் சற்று விரைவுபடுத்த ஒரு நுட்பம் இருக்கிறது. குதிரையின் இடது பின்கால் முன்னே வரும்போது அதன் வயிறு வலப்பக்கம் அசையும். அப்போது குழந்தையின் இடது கால் தானாகவே உள்ளே சரியும். அந்தச் சரிவோடு சேர்த்து இடது காலால் மெல்ல அணைத்தால், காற்றிலிருக்கும் பின்கால் இன்னும் ஓர் அங்குலம் நீண்டு விழும். வலப்பக்கமும் அப்படியே. மகள் கண்ணை மூடி அமர்ந்திருக்க, நீங்கள் குதிரையைப் பிடித்து நடத்தி, வயிறு எந்தப் பக்கம் போகிறது என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். என்னிடம் பழகும் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான்.

முற்றிலும் நின்றுவிட்டால் நேராகத் தள்ளாதீர்கள். கையிலுள்ள இரு பிடிவார்களில் ஒன்றை மட்டும் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்து, அதே பக்கத்துக் காலை வயிற்றுவாருக்கு ஒரு சாண் பின்னால் வைத்து அணைத்தால், பின்கால்கள் ஒதுங்கி ஓர் அடி எடுத்து வைத்தே தீர வேண்டும். ஊன்றிய கால் பெயர்ந்துவிட்டால் அந்த அசைவையே நடையாக மாற்றிக்கொள்ளலாம்.

கேட்டவர் – மூன்று வாரங்களுக்குப் பிறகு

எல்லாருக்கும் நன்றி. வியர்வை ஒழுங்காக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. ஆனால் இரண்டு முன்குளம்புகளிலும் மருத்துவர் சொன்ன அழுகல் இருந்தது. மதகிலிருந்து கரை வரை சல்லி போட்ட பாதை என்பதை அவர் கேட்ட பிறகுதான் நான் சேர்த்து யோசித்தேன். தொழுவத் தரையை மண் கொட்டி மேடாக்கி, வைக்கோலைத் தினமும் மாற்றி, மருந்து போட்டு வருகிறோம். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, வாயில் இரும்பில்லாத தலைக்கயிற்றிலேயே வேலியடைத்த களத்துக்குள் பழக்குகிறோம்.

முதல் பத்து நாட்கள் ‘போ’ என்ற குரலுக்கு மட்டும் நடந்தது. நேற்று முன்தினம் மகள் குரல் கொடுக்க மறந்து, கெண்டைக்காலை மட்டும் அணைத்தாள். குதிரை ஒரு காதை அவள் பக்கம் திருப்பி, சற்றே யோசித்து, முன்னே நடந்தது. பழக்கத்தில் குதிகால் பட்டுவிட்டால் இன்னும் ஆடுகிறது. அதை நாங்கள் திருத்துவதில்லை, காலை எடுத்துவிட்டு மறுபடி கேட்கிறோம். குளம்பு முழுதும் ஆறும் வரை சல்லிப் பாதைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதுவரை களத்திலேயே வட்டம் போடுகிறார்கள். மகள் கண்ணை மூடிக்கொண்டு ‘இடம், வலம், இடம்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறாள்.