மொன்ஸ்டர் ட்ரக் சேசிஸ்: அலுமினியத் தகடா, இரும்புக் குழாயா?

தலவாக்கலைத் தம்பி:
பத்தில் ஒரு பங்கு அளவுள்ள என் ரிமோட் மொன்ஸ்டர் ட்ரக்கின் (பெரிய சக்கர வண்டி) பிளாஸ்டிக் சேசிஸ், அதாவது அடிச்சட்டகம், மூன்றாவது தடவையாக உடைந்துவிட்டது. லயத்துக்கு மேலே தேயிலைச் சரிவில் இறங்கும்போது கானுக்குள் (வடிகாலுக்குள்) குப்புற விழுந்தது. கியர் பெட்டி அமரும் இடத்தில் குறுக்காக வெடிப்பு. இனி வாங்கப் போவதில்லை, நானே செய்யப் போகிறேன். 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் இரண்டு பக்கங்களையும் வெட்டிக் குறுக்குத் துண்டுகளால் பிணைப்பதா, இரும்புக் குழாயை வளைத்து ஒட்டிக் கூடாகச் செய்வதா?

ஹட்டன் லேத்:
தகடுதான், தம்பி. 300க்கு 60 மி.மீ. அளவில் ஒரு தகடு ஏறத்தாழ 146 கிராம். இரண்டும் சேர்ந்து 292. இடையில் துளை வெட்டினால் இன்னும் குறையும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து இறுக்கி, ஒரே தடவையில் துளையிடுங்கள். இடமும் வலமும் சிறிது மாறினாலும் சக்கர அச்சு கோணலாக நிற்கும், வண்டி நேரே ஓடாது. அச்சைச் சேசிஸோடு இணைக்கும் லிங்க் கம்பி பூட்டும் இடத்தில் மேலும் கீழுமாக நான்கு துளைகள் போட்டுவைத்தால் பிறகு கோணத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒட்டிய கூட்டில் அது நடக்காது. அதோடு 6 மி.மீ. இரும்புக் கம்பி ஒரு மீற்றர் 222 கிராம். இரண்டரை மீற்றர் போனால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும்.

பண்டாரவளை வாசி:
ஹட்டன் அண்ணன், கேட்டது குழாய். நீங்கள் கம்பியின் எடையைக் காட்டித் தள்ளுகிறீர்கள். அது நியாயமில்லை. வாகனங்களின் பிரேக் குழாய் 4.76 மி.மீ. பருமன், சுவர் 0.7 மி.மீ. ஒரு மீற்றர் 70 கிராம் அளவில்தான் வரும். மூன்று மீற்றர் போனாலும் 210 கிராம், உங்கள் தகட்டைவிடக் குறைவு. முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்தால் விழும் அடி குழாய்களின் நீளவாக்கில் பகிர்ந்து போகும். நிஜமான பெரிய மொன்ஸ்டர் ட்ரக்குகளில் 1989இல் வந்த பிக்ஃபுட் 8 குழாய்ச் சட்டகத்துக்கு வழிகாட்டியது இதனால்தான்.

இன்னொன்று: பழைய சாமான் கடையில் கிடைக்கும் அலுமினியம் என்ன கலவை என்று யார் சொல்வார்கள்? 6061 என்ற உறுதியான கலவை வேறு, சட்டி செய்யும் மென்தகடு வேறு. நான் வாங்கிய தகடு முதல் பாய்ச்சலிலேயே வாழைமட்டை போல வளைந்துவிட்டது.

ஹட்டன் லேத்:
கலவை விடயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிக் கையால் வளைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் 0.7 மி.மீ. சுவரில் நம் ஊர் வெல்டிங்காரர் ஆர்க் (மின்பொறி வெல்டிங்) வைத்தால் ஓட்டைதான் மிஞ்சும்.

பண்டாரவளை வாசி:
ஆர்க் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர்களிடம் காஸ் சுடரும் பித்தளை ஒட்டுக் கம்பியும் உண்டு. பித்தளை உருகும் சூட்டில் இரும்பு உருகாது, குழாய்க்குச் சேதமில்லை. என் கூட்டை அப்படித்தான் ஒட்டினேன். மழையில் துரு வராமல் பூச்சுப் பூசிவிட்டேன்.

மஸ்கெலியா மழை:
80 கிராமுக்காக இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். மூன்று செல் பெட்டரி மட்டுமே 400 கிராம் வரும்! அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் சரிவில் வண்டியைப் புரட்டுவது அந்த உயரம்தான். கியர் பெட்டி நடுவில் இருந்தால் அங்கிருந்து அச்சுகளுக்குப் போய்ச் சுழலும் தண்டு சட்டகத்தை ஒரு பக்கம் முறுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 1987இல் தமியா நிறுவனம் வெளியிட்ட க்ளாட் பஸ்டர் என்ற ரிமோட் ட்ரக்கில் அச்சுக்கு ஒரு மோட்டார். நடுவில் கியர் பெட்டியும் இல்லை, தண்டும் இல்லை. தம்பி, உடைந்த வண்டியைக் கட்டிப் பலகையில் பக்கவாட்டாக நிறுத்தி, பலகையை மெல்ல உயர்த்துங்கள். எத்தனை பாகையில் சாய்கிறது என்று பாருங்கள்.

தலவாக்கலைத் தம்பி:
செய்து பார்த்தேன். பெட்டரி மேல்தட்டில் இருந்தபோது 50 பாகையில் சாய்ந்தது. எட்டு சென்ரிமீற்றர் கீழே, அச்சுகளுக்கு இடையில் கட்டியபோது 52. இரண்டு பாகைதான், ஆனால் செலவே இல்லாமல் கிடைத்தது. பெட்டரிக்குத் தாழ்வான தொட்டி வளைக்கக் குழாய்தான் வசதி என்று தோன்றுகிறது. குழாயிலேயே செய்கிறேன்.

ஹட்டன் லேத்:
எனக்கு இன்னும் தகட்டில்தான் நம்பிக்கை. குழாய் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் குழாயில் துத்தநாகப் பூச்சு இருக்கும். ஒட்டும் இடத்தில் அதை அரத்தால் முழுதும் தேய்த்து நீக்குங்கள். சூடேறினால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசிக்கக் கூடாது, வெளியில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். லிங்க் பூட்டும் இடங்களுக்கு மட்டும் நான்கு நான்கு துளைகளோடு இரும்புத் தகட்டுத் துண்டுகள் வையுங்கள், கோணத்தை மாற்ற வழி இருக்கட்டும். அந்தத் துண்டுகளை நானே வெட்டித் தருகிறேன். அளவை அனுப்புங்கள்.