அம்மாவுக்கு ரத்தத்துல கம்மி, யூரின்ல அதிகம்: மெலாஸ் டெஸ்ட்ல ஏன் இப்படி?

மதுரைக்காரி:
அக்காவுக்கு மெலாஸ்னு சொல்லிட்டாங்க, செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவுல வர்ற பரம்பரை நோயாம், அதோட டிஎன்ஏல 3243-ங்கிற எடத்துல ஒரு எழுத்து மாறியிருக்காம் (மியூட்டேஷன்). அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், காதும் சரியா கேக்காது, அதுவும் இதனாலதான் இருக்கும்ங்கிறார் டாக்டர். ஆனா அம்மா ரத்தத்துல டெஸ்ட் பண்ணா அந்த மியூட்டேஷன் ரொம்ப கம்மியா காட்டுது, யூரின்ல நல்லாவே இருக்கு. அப்ப உடம்பு தானா சரி பண்ணிக்குதா? ஜீன் எடிட்டிங் அது இதுன்னு நெட்ல வருதே, நெஜமா ஏதாவது இருக்கா?

லேப்வாசி:
லேப் மேல தப்பில்லீங்க, 3243-ல இது வழக்கம்தான். ஒவ்வொரு செல்லுலயும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூத்துக்கணக்கா ஆயிரக்கணக்கா இருக்கும், நல்லதும், மியூட்டேஷன் உள்ள கெட்டதும் கலந்து, ரத்தத்துல மட்டும் வயசாக ஆக கெட்டது குறைஞ்சிட்டே வரும், அதான் பெரியவங்களுக்கு யூரின் பாக்கச் சொல்றது. 2020-ல அமெரிக்காவுல வம்சி மூத்தா, விஜய் சங்கரன்னு ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் சேர்ந்து ரத்த செல்லை ஒன்னொன்னா பிரிச்சுப் பாத்தாங்க, நோய் எதிர்ப்பு செல்லான டி செல்லுலதான் கெட்டது ரொம்பவே கம்மி. டி செல் கிருமியைப் பாத்தா மளமளன்னு பெருகணும், கெட்டது நெறைய வச்சிருக்கற செல்லு அதுல பின்தங்கிடும் போலங்கிறாங்க. மூளை செல்லு அப்படிப் பெருகி ஆள் மாத்திக்கறதில்லையே, அதனால ரத்த ரிசல்ட்டைப் பாத்து நிம்மதி ஆயிடாதீங்க.

மதுரைக்காரி:
அப்ப டி செல் பண்றதையே மருந்தால மூளையில பண்ண முடியாதா?

செல்லப்பாண்டி:
அதைத்தான் முயற்சி பண்றாங்க. கிரிஸ்பர்ங்கிற ஜீன் எடிட்டிங் கருவி இதுக்கு ஒத்துவரல, எங்க வெட்டணும்னு காட்டற அதோட வழிகாட்டி ஆர்என்ஏவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள அனுப்பறதே பாடு. வெறும் புரோட்டீன வச்சு கெட்ட காப்பியை மட்டும் வெட்டிவிட்டா நல்லது பெருகி அந்த எடத்தை நிரப்பிக்கும், 2018-ல எலி இதயத்துல இதைக் காட்டிட்டாங்க. 2020-ல அமெரிக்க விஞ்ஞானி டேவிட் லியு டீம் ஒரு பாக்டீரியா நஞ்சை வச்சு வெட்டாமலே டிஎன்ஏ எழுத்தை மாத்தற எடிட்டர் கொண்டுவந்தாங்க. ஆனா மனுஷ மூளை முழுக்க கொண்டுபோய் சேக்கறதுதான் பெரிய சிக்கல், "மைட்டோ தெரபி"ன்னு இப்பவே பணம் கேக்கறவங்ககிட்ட போயிடாதீங்க. இங்கிலாந்துல வேற பொண்ணோட கருமுட்டைய வச்சு 8 குழந்தைங்க பொறந்ததா 2025-ல வந்துச்சே, அது அடுத்த தலைமுறைக்கு வராம தடுக்கத்தான், அக்காவுக்கு உதவாது.

ரேவதி அம்மா:
தம்பிங்க ஆராய்ச்சி பேசறாங்க, நான் நடைமுறைக்கு ஒன்னு சொல்றேன்மா. அக்காவுக்கு ஃபிட்ஸ் வந்தா வால்ப்ரோயேட் குடுக்கலாமான்னு நியூராலஜிஸ்ட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வச்சுக்கோங்க, அம்மாவோட சுகர் மாத்திரை மெட்ஃபார்மினான்னும் பாருங்க, ரெண்டும் இந்த நோய்ல பிரச்சனை பண்ணலாம்ங்கிறாங்க. இது அம்மா வழியா எல்லா பிள்ளைங்களுக்கும் வரக்கூடியது, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். நீ டெஸ்ட் பண்ணியாம்மா?

மதுரைக்காரி:
இன்னும் இல்லக்கா.

லேப்வாசி:
பண்றப்ப யூரினும் சேத்துக் குடுங்க.