டவர் டிஃபென்ஸ் ஆட விரலா, கன்ட்ரோலரா?

மட்டிப்பழம் (மார்த்தாண்டம்):
அக்கா மகன் துபாயிலிருந்து வந்தபோது நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கேம் கன்சோலைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனான். "மாமா, அந்தக் கீறல் விழுந்த ஐபேடை இனி யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று உபதேசம் வேறு.

நான் பத்து வருஷத்துக்கு மேலாக ஐபேடில் கிங்டம் ரஷ் ஆடுகிறவன். பாதையில் வரும் எதிரிகளைக் கோபுரம் கட்டித் தடுக்கும் டவர் டிஃபென்ஸ் வகை ஆட்டம். அதையே டிவியில் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு விருந்துதான், கைதான் ஒத்துழைக்கவில்லை. வளைவில் நாலு ஆர்க் அரக்கர்கள் வந்துவிட்டார்கள். பாரக்ஸ் கோபுரத்துச் சிப்பாய்கள் நிற்கும் இடத்தைக் குறிக்கும் கொடியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும். ஐபேடில் இரண்டு தட்டு. இங்கே கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆர்க் நாகர்கோவில் பஸ்ஸே ஏறிவிட்டது.

டவர் டிஃபென்ஸ் விரலுக்கென்றே உள்ள விளையாட்டு. அதைக் கன்ட்ரோலரில் ஆடுவது, கையுறை போட்டுக்கொண்டு சாளை மீனில் முள் எடுப்பது மாதிரி. மறுப்பவர்கள் வரலாம்.

ஆரல்காற்று:
வந்துவிட்டேன் அண்ணே. பத்து வருஷப் பழக்கத்தை விளையாட்டின் இலக்கணம் என்று நினைத்துவிட்டீர்கள்.

கிங்டம் ரஷ்ஷில் கோபுரம் கட்டும் இடங்கள் முன்கூட்டியே குறித்தவை. இந்த மாதிரி ஆட்டத்தில் ஸ்டிக்கை ஒரு தட்டு தட்டினால் அடுத்த இடத்துக்குத் தாவும்படி செய்துவிட முடியும். செய்வதும் செய்யாததும் கன்சோலுக்கு மாற்றிக் கொடுப்பவர்கள் கையில் இருக்கிறது.

அதைவிட, கன்சோலுக்கென்றே யோசித்துச் செய்த ஆட்டங்களை நீங்கள் பார்க்கவில்லை. பிளேஸ்டேஷன் 3-ல் வந்த பிக்சல்ஜங்க் மான்ஸ்டர்ஸ் ஒன்று போதும். ஜப்பானில் கியோட்டோவில் உள்ள க்யூ-கேம்ஸ் செய்தது. அதில் கர்சரே கிடையாது. முகமூடி போட்ட ஒரு குட்டி ஆள்தான் நீங்கள். கோபுரம் வேண்டுமென்றால் கோபுரமாக்க வேண்டிய மரத்தடிக்கு நடக்க வேண்டும். அரக்கன் செத்து உதிர்த்த காசை ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். கோபுரத்தடியில் நின்று நடனம் ஆடினால் அது வலுவாகும். தெற்கே காசு கிடக்கிறது, வடக்கே கோபுரம் நடனத்துக்குக் காத்திருக்கிறது, கால் இரண்டுதான். அந்தத் தவிப்பு விரலில் வருமா? விரல் எங்கும் இருக்கும், அதனால் எங்கும் போக வேண்டியதில்லை.

குளச்சல்1741:
அது நல்ல ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது விதிவிலக்கு தம்பி. இந்த வகையின் வேரைப் பாருங்கள். 1990-ல் அடாரியின் ராம்பார்ட். பீரங்கிச் சண்டை முடிந்ததும் நேரம் தீர்வதற்குள் கோட்டைச் சுவரை அடைக்க வேண்டும். காசு போட்டு ஆடும் அந்தப் பெட்டியில் இருந்தது உருட்டும் பந்து. பிறகு வார்கிராஃப்ட் 3 என்ற கணினி ஆட்டத்துக்கு ரசிகர்கள் செய்த மேப்புகள், 2007-ல் பிரவுசரில் டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ். இவை மவுஸ். "இங்கே" என்று சுட்டிக்காட்டுவதுதான் இந்த விளையாட்டின் உயிர். மவுஸுக்கு அடுத்த வாரிசு விரல்.

இன்னொன்று, கரண்ட். போன மழையில் என் பிளேஸ்டேஷனில் கடைசிக்கு முந்தைய எதிரி அலை ஓடிக்கொண்டிருந்தது. இடி, டப். நான் ஆடியதில் நடுவில் சேமிக்கும் வசதி கிடையாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். டேப்லெட்டுக்கு இந்தக் கஷ்டம் உண்டா?

ஆரல்காற்று:
ராம்பார்ட் ஜாய்ஸ்டிக் வைத்த பெட்டியாகவும் வந்தது அண்ணே. பாதியை மறைக்கக் கூடாது :)

கரண்டுக்கு என்னிடம் பதில் இல்லை. என் பேரில் காற்றும் எங்கள் ஆரல்வாய்மொழி முழுக்கக் காற்றாலையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டிலும் அதே டப்தான்.

தோவாளைப்பிச்சி:
இரண்டு பேருமே ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்காமல் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு.

செடி நட்டு சாம்பீகளைத் தடுக்கும் பிளான்ட்ஸ் வெர்சஸ் சாம்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளி ஐந்து வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். பூப்பாத்தி மாதிரி. கன்ட்ரோலரில் ஒரு தட்டுக்கு ஒரு கட்டம், தவறவே தவறாது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் வந்ததில் இருவர் சேர்ந்தும் ஆடலாம். மகள் சூரியகாந்தி வைப்பாள், நான் பட்டாணி. ஒரே டேப்லெட்டில் நாலு கை நுழைந்தால் என்ன தெரியும்? கை மட்டும்தான் தெரியும்.

புளூன்ஸ் டிடி 6 அப்படி இல்லை. அதில் கோபுரத்துக்குப் பதில் குரங்கு. அதைப் பாதை தவிர ஏறக்குறைய எங்கும் வைக்கலாம். வளைவை ஒட்டி, ஒரு நூல் இடைவெளியில் இரண்டு குரங்குகளைச் செருகுவதில்தான் வித்தையே. அங்கே ஸ்டிக் அழ வைக்கும். ஆனால் விரலும் யோக்கியம் இல்லை, வைக்கிற இடத்தையே மறைக்கிறது. அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு டேப்லெட்டை எடுத்தால் அன்றைக்குக் குரங்குகள் தாங்களே நடந்து போகும்.

மட்டிப்பழம்:
பிச்சி அக்கா சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். கட்டம் உள்ள ஆட்டத்துக்கு ஸ்டிக், திறந்த வெளிக்கு விரல். ஆனால் என் கிங்டம் ரஷ்? இடம் குறித்ததுதான், சரி. கொடியும், எதிரி மேல் நாம் ஏவும் எரிகல் மழையும் திறந்த வெளி ஆயிற்றே!

ஆரல்காற்று:
அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் காசைப் பற்றி யாரும் பேசவில்லையே. டேப்லெட்டில் கிங்டம் ரஷ்ஷில் நமக்காகச் சண்டை போடும் ஹீரோக்கள் பலரைத் தனித்தனியாக விலைக்கு விற்கிறார்கள். கணினியில் வாங்கினால் ஆட்டத்தோடு சேர்த்தே கிடைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் மூன்று முறை தோற்றதும் "இந்த டிராகனை வாங்கினால் ஜெயிக்கலாமோ" என்று கை பரபரக்கிறது பாருங்கள், அங்கே நான் ஆடுவது விளையாட்டா, சந்தையா என்றே தெரியாமல் போகிறது.

குளச்சல்1741:
ஹீரோ இல்லாமலே ஜெயிக்கலாம் தம்பி. தோற்பவர்கள் பெரும்பாலும் கீழே மட்டும் பார்க்கிறவர்கள். பாரக்ஸும் பீரங்கியும் நிறையக் கட்டிவிட்டு, பறக்கிற எதிரி வந்ததும் திகைப்பார்கள். சிப்பாயால் அதைத் தடுக்க முடியாது, பீரங்கியாலும் சுட முடியாது. உங்கள் ஊர்க் கதையேதான். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூர் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை அரண் கட்டிக் காத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வாசலில் மோதவா செய்தது? ராத்திரியில் தெற்குப் பக்க மலையில் ஏறி வந்தது. மலைப்பக்கம் இரண்டு வில்லாளி கோபுரம் வேண்டும்.

ஆரல்காற்று:
எங்கள் ஊரை வைத்தே எங்களை அடிக்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

தோவாளைப்பிச்சி:
மட்டிப்பழம் அண்ணே, முதல் பதிவை மறுபடி படித்தேன். உங்களிடம் இருப்பது ஸ்விட்ச். அதை டிவியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியிலிருந்து உருவிப் பார்த்தீர்களா? அது தொடுதிரை. உள்ளே பேட்டரியும் உண்டு.

மட்டிப்பழம்:
உருவலாமா?

மட்டிப்பழம்:
உருவினேன். முகப்புத் திரை விரலுக்கு அசைகிறது. ஆட்டத்தைத் திறப்பதற்குள் சின்னவள் பார்த்துவிட்டு, "அப்பா, இதைக் கையில் எடுக்கலாமா?" என்று பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஐபேடுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறேன்.