ஹான்ஸ், யென்ஸ், யோன்: எல்லாம் ஒரே யோவான்தானா?

ஆர்ஹூஸ், டென்மார்க்கிலிருந்து:
எங்கள் வேலையிடத்தில் ஒரு ஹான்ஸ் (பெட்டிக்கடைப் புகையிலை ஹான்ஸ் இல்லை!), ஒரு யென்ஸ். இரண்டும் வேறு வேறு பெயர் என்றே இருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஹான்ஸ்தான் சொன்னார்: "ரெண்டுமே யோஹானஸ். எங்க பாட்டனுக்கு முன்பாதி பிடிக்கல, அவங்க பாட்டனுக்கு நடுப்பாதி பிடிக்கல." எபிரேயத்தில் யோகனான், அதாவது கடவுள் அருள்கூர்ந்தார். கிரேக்கம், லத்தீன் வழியாகக் கிறிஸ்தவத்தோடு வடக்கே வந்த பெயர். எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டிகளில் யென்சன், ஹான்சன் என்று வரிசையாக இருக்கும். முன்பெல்லாம் நம் இனிஷியல் மாதிரி, அப்பா பெயரோடு 'சன்' சேர்ப்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1828இல் அரசு நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொன்னது. ஏதோ ஒரு தலைமுறை அப்பாவின் பெயர் அப்படியே தங்கிவிட்டது.

உப்சாலா, ஸ்வீடன்:
அரசர்களுக்கும் இதே கதைதான். டென்மார்க்கை 1481 முதல் 1513 வரை ஆண்ட ஹான்ஸ், இங்கே வரலாற்றில் இரண்டாம் யோஹான். மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஆளைப் பிடிக்கவே நேரமாகிவிட்டது.

ரெய்க்யவிக், ஐஸ்லாந்து:
அப்பா பெயரோடு 'சன்' சேர்க்கும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். பிரதமரைக்கூட முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தேசிய நாளான ஜூன் 17, விடுதலை இயக்கத் தலைவர் யோன் சிகுர்ட்சனின் பிறந்தநாள். 1944இல் குடியரசை அறிவித்ததும் அதே தேதியில்தான். எனக்குப் பிடித்தது ஒரு சொலவடை. வண்டி நிறுத்தியதற்கு எனக்கு அபராதம் போட்டுவிட்டு, அதே இடத்தில் நின்ற ஒரு பெரிய மனிதரின் வண்டியை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா சிரித்தார்: "யோனும் பாதிரியார் யோனும் ஒண்ணா?"

தாம்பெரே, பின்லாந்து:
இங்கே யுஹானி, யுஹா, யுஸ்ஸி, ஹன்னு எல்லாம் யோவானேதான். ஸ்நாபக யோவான் பெயரில் ஜூன் மாதம் யுஹன்னுஸ் வந்தால் ஊரே காலி, எல்லோரும் ஏரிக்கரையில். எங்களுக்குத் தெரிந்த யுஸ்ஸிக்கு அதில் சௌனா என்ற வெந்நீராவிக் குளியலும் சொக்கப்பனையும்தான் முக்கியம். தன் பெயருக்கான விழா என்ற நினைப்பே கிடையாது.

ஒஸ்லோ, நார்வே:
யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நாங்கள். அப்பாவின் பெயர் அருளப்பு. யோவானைத்தான் எங்கள் பழைய வேதாகமத்தில் அருளப்பர் என்பார்கள். இதைக் கீழ்வீட்டு நார்வேக்காரருக்கு விளக்கினேன். அருளப்பு அவர் வாயில் நுழையவில்லை. "அப்போ ஹான்ஸ்தானே, ஏன் கஷ்டம்?" என்றார். இப்போது அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார். அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார்.